டக்டக் பெட்டி

பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவதைப் போன்ற கொடுமை உலகத்தில் வேறு கிடையாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவார்கள், நமக்கும் விஷயம் புரிந்துவிடும். பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே தூங்குவார்கள். அதிலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அப்பப்பா! வாரம் முழுக்கக் கத்தித் தொண்டை வறண்டவர்களைச் சனிக்கிழமையும் விடாமல், 'சுற்றுச்சூழல் கல்விப் பயிற்சி, கட்டாயம் போக வேண்டும்' என்று துரத்திவிட்டால் அவர்கள் எந்த முகத்தோடு வந்து உட்காருவார்கள்? கையெழுத்து, தேநீர், பிஸ்கட், திரையில் படம், கொட்டாவி, சான்றிதழ், பஸ். ஊருக்கு வெளியே இருந்த அந்த இயற்கைக் கல்வி மையத்தில் வருஷக்கணக்காக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வாய் பெரிசு, பொறுமை சின்னது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உள்ளே உட்கார்ந்தால் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள் என்று ஆசிரியர்களைப் பின்பக்கத் தோப்புக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் அதே கதைதான். முன்வரிசையில் ஒருவர் போனில் வீட்டு வாடகை பேசிக்கொண்டிருந்தார். இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த காலி சாக்பீஸ் பெட்டியின் மேல் ஒரு குச்சியால் டர்ர்ர்ரென்று அடித்தாள். போன் பேசியவர் வாயை மூடினார்.

மூடின வாய் அடுத்த நிமிஷம் திறந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. தோப்பின் நடுவில் நின்ற பட்டுப்போன மரத்திலிருந்து டர்ர்ர்ரென்று பதில் வந்தது. இவள் இன்னொரு தடவை அடித்தாள். செந்தொப்பி போட்ட ஒரு மரங்கொத்தி விருட்டென்று பறந்து வந்து, தலைக்கு மேலே இருந்த கிளையில் ஒட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. யார் தட்டியது, எங்கே அவன் என்று கேட்கிற மாதிரியே இருந்தது. ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ஓர் அம்மாள் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார். அன்றைக்கு யாரும் நாலு மணி பஸ்ஸுக்கு அவசரப்படவில்லை.

மரங்கொத்திக்குத் தொண்டையில் பாட்டு கிடையாது. அலகால் மரத்தை அடித்துத்தான் பேசும். இந்த இடம் என்னுடையது, உள்ளே கால் வைத்தால் நடக்கிறதே வேறு என்பதுதான் அந்தப் பேச்சு. இன்னொருவன் தட்டும் சத்தம் கேட்டால் விரட்டியடிக்கப் பறந்து வரும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா என்ன? படித்ததே அதைத்தானே. ஆனால் பறவை வருகிறது என்ற சந்தோஷத்தில், அது எதற்கு வருகிறது என்பதை அவள் ஓரமாக வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு டக்டக் டீச்சர் என்று பெயர் வந்தது. வீட்டுக்காரர்கூட, "டக்டக்குக்கு இன்னிக்கு டூட்டி உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

பெருமைப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அப்போது மையத்தின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர்கள் வீட்டில் சோபாவில் படுத்தபடியே கம்ப்யூட்டரில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. மையத்தின் இயக்குநர் எந்நேரமும் கோட்டும் பேனாவுமாகத் திரிகிற மனிதர். அவர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நேர்ல வர்றதுக்கு ஒரு காரணம் காட்டுங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் உங்களை ஒரு ரூம்ல உக்காரவெச்சு வீடியோ எடுத்துப் போட்டுடுவாங்க. அப்புறம் நீங்களும் வேணாம், நானும் வேணாம்."

காரணம் அவள் கையிலேயே இருந்தது. இயக்குநர் தோப்புக்கு வந்தார், அவள் தட்டினாள், பறவை வந்தது. மனிதர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காற்றில் ஆட்டி, "இதான்! இதான்!" என்று குதித்தார். அடுத்த மாதமே டக்டக் பெட்டி பிறந்துவிட்டது. கையளவு மரப்பெட்டி, கூடவே ஒரு குச்சி. மூடியில் மையத்தின் முத்திரையும் அதற்குக் கீழே 'தட்டிப் பாருங்கள், காடு பேசும்' என்று இயக்குநரே யோசித்த ஒரு வரியும் இருந்தன. பயிற்சி முடிக்கிற ஆசிரியர் எல்லாருக்கும் சான்றிதழோடு ஒரு பெட்டி. வந்தவர்கள் போய்ச் சொன்னார்கள், சொல்லக் கேட்டவர்கள் வந்தார்கள். இடம் கிடைக்காமல் ஆசிரியர்கள் சிபாரிசு பிடிக்கிற அளவுக்குப் போயிற்று.

அப்படி வந்தவர்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி. ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பயந்த சுபாவம். வகுப்புக்குள் நுழைகிறதுக்கு முன்னால் பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போகிறவள். பிள்ளைகள் அவளை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. "அக்கா, எனக்கு இது ஒத்து வரலக்கா. விட்டுடறேன்" என்று வாரத்துக்கு ஒரு முறை போன் வரும். இவள்தான் இழுத்துப் பிடித்துப் பயிற்சிக்கு வரவழைத்தாள்.

பெட்டியோடு திரும்பிப் போன தங்கை வேறு ஆளாகிவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பூங்காவிலும் ஒரு ஜோடி மரங்கொத்தி இருந்தது. ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போய்த் தட்டினாள். பறவை வந்தது. அதோடு முடிந்தது வகுப்பின் அட்டகாசம். மிஸ் கூப்பிட்டால் பறவை வரும் என்றால் சும்மாவா? அன்றைக்கு வந்த போனில் தங்கை அழுதாள்தான், ஆனால் அது வேறு அழுகை. "உதட்டுல விரல் வைங்கன்னு சொன்னேன்க்கா. எல்லாரும் வெச்சாங்க! என் பேச்சக் கேட்டாங்கக்கா!" டக்டக் டீச்சர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்த முகமாகவே இருந்தாள்.

மையத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. பள்ளிகளுக்கு இரவல் கொடுக்கும் கருவிப் பெட்டிகளை நிரப்புகிற வேலை. பூதக்கண்ணாடி, இறகு, விதை, ஓடு, படங்கள் என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து அனுப்புவாள். திரும்பி வரும்போது ஒரு இறகு குறைந்தாலும் அந்தப் பள்ளிக்குப் போன் பறக்கும். எல்லாரும் அவளைப் 'பெட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். டக்டக் பெட்டிகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கியதும் அவள்தான்.

அந்த வருஷம் கூடு கட்டும் காலம் வந்தபோது பெட்டி ஒரு நாள் தேநீர்க் கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏய், அந்தப் பட்ட மரத்துல ஓட்டைக்குள்ள முட்டை இருக்கு போல. ஆணும் பொண்ணும் மாறி மாறி உள்ள போகுது. கொஞ்ச நாளைக்கு இந்தத் தட்டுற வேலைய நிறுத்தி வையேன்டி."

"நிறுத்திட்டு? தோப்புல நின்னு நான் டான்ஸ் ஆடவா?"

"வேற ஏதாவது காட்டு. எறும்பக் காட்டு."

"எறும்பப் பாக்க யாரு பஸ் ஏறி வருவா? அடுத்த சனிக்கிழமை கல்வித் துறையிலேர்ந்து வேற ஆள் வர்றாங்க. பயிற்சி தொடருமா இல்லையான்னு அன்னிக்குத்தான் முடிவு. அது முடியட்டும், அப்புறம் உன் இஷ்டம்."

"அது ஒவ்வொரு தடவையும் கூட்ட விட்டுட்டுல்ல வருது?"

"வந்து ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போயிடும். நீ சும்மா பயமுறுத்தாத." பெட்டி தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாள். இவள் அதை அப்போதே மறந்தும்விட்டாள். பின்னாளில் எத்தனையோ தடவை அந்தத் தேநீர் வேளைக்கு மனத்துக்குள் திரும்பிப் போய், 'சரிடி, நிறுத்திடறேன்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொல்ல எவ்வளவு சுலபமான வார்த்தை!

அந்தச் சனிக்கிழமை வந்தது. துறையிலிருந்து வந்த அதிகாரிகள், ஆசிரியர்கள், அவர்களைப் படம் எடுக்கிறவர்கள் என்று தோப்பு நிறைந்துவிட்டது. அவள் தட்டினாள். ஆண் பறவை வந்தது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை என்று இன்னொரு முறை. போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை. அப்புறம் ஆசிரியர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு தட்டிப் பழகினார்கள். இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் அந்தப் பறவை மரத்துக்கு மரம் பறந்து இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டே இருந்தது. பெண் பறவையும் வெளியே வந்து கத்திக்கொண்டு சுற்றியது. ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கிடைத்ததே என்று எல்லாரும் கைதட்டினார்கள். பயிற்சி இன்னும் மூன்று வருஷத்துக்குத் தொடரும் என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பெட்டி வந்து, "கொஞ்சம் வா" என்று மட்டும் சொன்னாள். பட்ட மரத்தடியில் உடைந்த முட்டைகள் கிடந்தன. வெள்ளை வெளேரென்று, ஓட்டின் ஓரத்தில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மேலே ஓட்டையில் ஒரு மைனா வாயில் புல்லோடு நின்று இவர்களைப் பார்த்தது. சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் எதிரியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், காலி வீடு என்று மைனா நுழைந்து இருந்ததை வெளியே தள்ளிவிட்டது. மைனாவைத் திட்டி என்ன செய்ய? அதற்கும் ஒரு ஓட்டை வேண்டும்.

 'நான்தான் சொன்னேனே' என்று பெட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளும் எதிர்த்து நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பாள். டக்டக் டீச்சர் குனிந்து ஒரு முட்டை ஓட்டை எடுத்தாள், விரலில் பட்டதும் அது நொறுங்கியது. அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது, அலுவலக வாசலில் ஆட்கள் நின்றதால் அழவில்லை.

அன்றே இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொல்லி, கொடுத்த டக்டக் பெட்டிகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றாள். "அட, பறவைதானே, இந்த மரம் இல்லன்னா இன்னொரு மரம்" என்றார் அவர். "அதுக்காகப் பெட்டியத் திருப்பிக் கேக்க முடியுமா? புது விளம்பரத்துல பெட்டிதான் அட்டைப் படமே." அவள் வெளியே வந்தாள். சண்டை போட்டிருக்கலாம். அவள் வாய்க்கு அது பெரிய காரியமே இல்லை. ஆனால் அந்தப் பதில் அவளுக்கும் கொஞ்சம் சௌகரியமாக இருந்தது, அதுதான் நிஜம்.

அதன்பிறகு மையத்தில் அவள் தட்டவில்லை. பறவை இல்லாத தோப்பில் தட்டி என்ன பயன்? எறும்பைத்தான் காட்டினாள், ஆசிரியர்கள் அதையும் குனிந்து பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் ஏற்கெனவே பெட்டியை வாங்கிக்கொண்டு போனவர்கள்? ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர் வகுப்புக்கே சொல்லிக்கொடுப்பார், அதுதானே ஆசிரியர் பயிற்சியின் மகிமை! நல்லது போகிற அதே வேகத்தில் கெட்டதும் போகிறது. பயிற்சி முடித்தவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் நாள் தவறாமல் படங்கள் வந்தன. பூங்காவில் தட்டுகிற பிள்ளைகள், பள்ளி மைதானத்தில் தட்டுகிற பிள்ளைகள், கல்லறைத் தோட்டத்தில்கூடத் தட்டுகிற பிள்ளைகள். கீழே கைதட்டலும் இதயமும். 'நன்றி டக்டக் டீச்சர்!' ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் ஓட்டை தெரிகிறதா என்று அவள் தேடினாள்.

"குழுவுல ஒரு மெசேஜ் போட்டுடு" என்றாள் பெட்டி. "கூடு கட்டுற காலத்துல தட்டாதீங்க, நான் சொல்லிக் குடுத்தது தப்புன்னு. முடிஞ்சுது வேலை."

அவள் எழுதினாள். 'தவறு' என்ற வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை அழித்துவிட்டு, 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்று மாற்றினாள். அது மருந்துப் பாட்டிலில் இருக்கிற எழுத்து மாதிரி இருந்தது. மறுபடி அழித்து, மறுபடி 'தவறு' என்று எழுதி, அனுப்புகிறதுக்கு விரலைக் கொண்டுபோன நேரத்தில் குழுவில் புதிதாக ஒரு வீடியோ வந்து விழுந்தது. தங்கை அனுப்பியது.

பிள்ளைகள் அரைவட்டமாக நிற்கிறார்கள். தங்கை நிமிர்ந்து நிற்கிறாள். அவள் இப்படி நிமிர்ந்து நின்று அக்காவே பார்த்ததில்லை. "தினமும் காலைல மணி அடிக்கிறதுக்குப் பதிலா நாங்க இவரத்தான் கூப்பிடறோம்!" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தட்டுகிறாள். மரங்கொத்தி வருகிறது. கீழே ஒரே கைதட்டல்.

தினமுமா! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதியதை அனுப்பாமலே போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் பெட்டி கேட்டபோது, "அனுப்பறேன், அனுப்பறேன்" என்றாள்.

"குழுவ விடு. உன் தங்கச்சிகிட்டயாவது தனியா சொல்லுடி."

"எப்படிச் சொல்ல? அவ இப்பத்தான் தலை நிமிந்து நிக்கறா. அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நானே பிடுங்கவா?"

"நீ பிடுங்கலன்னா மைனா பிடுங்கும்" என்றாள் பெட்டி.

ஆறப் போட்ட காரியம் ஆறித்தானே போகும். மழை வந்தது, போனது. இன்னொரு கூடு கட்டும் காலமும் வந்தது. அப்போதுதான் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா! எங்க ஸ்கூல்ல மாதிரி வகுப்பு நடக்கப் போகுது. பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் வந்து பாப்பாங்க. யார எடுக்கச் சொல்லிருக்காங்க தெரியுமா? என்னத்தான்! நீ கண்டிப்பா வரணும். உன்ன எல்லாருக்கும் காட்டணும்."

"தட்டப் போறியா?"

"பின்ன? அதான் வகுப்பே!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "வரேன்மா" என்றுதான் வாயிலிருந்து விழுந்தது. நேரில் போய், தொடங்குகிறதுக்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

போன இடத்தில் தனியாகக் கூப்பிட எங்கே முடிந்தது? பஸ் தாமதமாகிவிட்டது. அவள் பூங்காவுக்குள் நுழைகிறபோதே பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள், பின்னால் ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கை அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் போய், "இதான் எங்க அக்கா. டக்டக் டீச்சர்!" என்றாள். பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள்.

"இப்ப எல்லாரும் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் தங்கை. எல்லாரும் உதட்டில் விரல் வைத்தார்கள். இலை விழுந்தால் கேட்கும். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, பரவாயில்லையே என்று புருவத்தை உயர்த்திக்கொண்டார்கள். தங்கை டக்டக் பெட்டியை எடுத்துத் தட்டினாள்.

பதில் வரவில்லை.

தங்கை சிரித்தபடியே மறுபடி தட்டினாள். தூரத்துச் சாலையில் ஒரு லாரி போனது. மறுபடி தட்டினாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அக்காவின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், "கொஞ்ச நாளா இப்படித்தான்க்கா பண்ணுது. முன்னல்லாம் ஒரு தட்டுக்கே வரும். அப்புறம் நாலஞ்சு தடவை தட்டுனாத்தான் வந்துச்சு. போன வாரம் வரவேயில்ல. இன்னிக்கு நீ இருக்கியேன்னு நெனச்சேன்" என்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே இருந்த மரத்தில், அவள் கண் தானாகப் போய் நின்ற உயரத்தில், வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குள்ளிருந்து மஞ்சள் மூக்கோடு ஒரு மைனா எட்டிப் பார்த்தது.

"மிஸ், அது மைனா" என்றாள் முன்வரிசையில் ஒரு சிறுமி, விரலை எடுக்காமலே. "நம்மளோடது எங்க மிஸ்?"

தங்கை பெட்டியையும் குச்சியையும் அக்காவின் கையில் திணித்தாள். "நீ தட்டுக்கா. உனக்குத்தான் அது கேக்கும். ஒரே ஒரு தடவ, ப்ளீஸ்க்கா." அந்தக் கண்ணில் பழைய தங்கை திரும்பி வந்துவிட்டாள், பாத்ரூமில் நின்று அழுகிற தங்கை.

பெட்டி கைக்கு லேசாக இருந்தது. தினமும் அடிபட்டு மூடியில் நடுவில் குழி விழுந்திருந்தது. 'காடு பேசும்' என்ற எழுத்து பாதி தேய்ந்திருந்தது. ஒரு தடவை தட்டிவிட்டு, இன்றைக்குப் பறவைக்கு உடம்பு சரியில்லை போல என்று ஏதாவது சிரிக்கச் சொல்லித் தங்கையைக் காப்பாற்றிவிடலாம். அந்த வித்தையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குச்சியை உயர்த்தினாள். கை இறங்க மறுத்தது.

"அது வராதும்மா" என்றாள்.

"ஏன்க்கா?"

"நாம ரொம்பத் தட்டிட்டோம். இன்னொருத்தன் வந்துட்டான்னு நெனச்சு அது கூட்ட விட்டுட்டு விட்டுட்டு ஓடி வந்துச்சு. அந்த நேரத்துல மைனா எடுத்துக்கிச்சு. எங்க தோப்புலயும் இதேதான் ஆச்சு. நான் உனக்குச் சொல்லிக் குடுத்தது தப்பு. எல்லாருக்கும் தப்பாத்தான் சொல்லிக் குடுத்துருக்கேன்."

பின்னால் நின்ற ஆசிரியர்களில் யாரோ இருமினார்கள். அவர்களில் இரண்டு பேர் அவளிடம் பெட்டி வாங்கிப் போனவர்கள். தங்கை ஓட்டையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கடைசியில் அக்காவைப் பார்த்தாள். கோபம் வரும் என்று இவள் எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை. ரொம்ப மெதுவாக ஒரு கேள்விதான் வந்தது.

"இது உனக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போன வருஷம். நீ அந்த வீடியோ போடறதுக்கு முன்னாடியே."

"நான் தினமும் தட்டிக்கிட்டு இருந்தேனே அக்கா" என்றாள் தங்கை. "தினமும்."

 அக்கா குச்சியைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். தங்கை திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள்.  பிள்ளைகள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மிஸ் இன்னும் சரி என்று சொல்லாததால், எல்லாரும் உதட்டில் வைத்த விரலை எடுக்காமல், மரத்தையே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள்.